கட்டையா உருண்டையா

பெட்டி கோமதிநாயகத்தைத் தாண்டிப் போய்விட்டது, கைதான் இன்னும் அதற்குள்ளேயே இருப்பது போலிருந்தது. மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். அது பாட்டுக்கு இடுப்பில் கட்டிய வெள்ளை ஏப்ரனின் மேல் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரிச் சாதுவாகக் கிடந்தது. என்னத்தைப் போட்டாய் என்று கேட்டால் சொல்லவா போகிறது. உருண்டையா, கட்டையா. உருண்டை என்றால் வெள்ளை, வரட்டும் என்று அர்த்தம். கட்டை என்றால் கறுப்பு, பகடை மாதிரிச் சதுரமாக இருக்கும், வேண்டாம் என்று அர்த்தம். பெட்டிக்குள் இரண்டும் ஒரே தட்டில் கலந்து கிடக்கும். மணிக்கட்டு வரை கையை விட்டு, ஒன்றை எடுத்து, பக்கத்து ஓட்டையில் போட்டுவிட்டுக் கையை உருவிக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை, விரலுக்குத்தான் வேலை. அதற்காகத்தானே ஒன்றை உருண்டையாகவும் ஒன்றைச் சதுரமாகவும் வெள்ளைக்காரன் செய்து வைத்துவிட்டுப் போனான். அவன் நினைத்த விரல் உணர்ச்சியுள்ள விரல். சர்க்கரை ஏறி, நுனியெல்லாம் மரத்துப்போய், சட்டைப் பித்தானைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் போடுகிற விரலை அவன் யோசித்திருக்க மாட்டான். ஆமாம், விரல் மரத்துப் போயிருக்கிறது. டாக்டரே சொல்லியிருக்கிறார். அதுதான் விஷயம், வேறொன்றுமில்லை. ஆனால் ஒரே ஒரு கட்டை விழுந்தால் போதும், சேர வந்தவன் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான், பிறகு இந்த வாசலை அவன் மிதிக்க முடியாது. இன்றைக்கு வெளியறையில் காத்திருப்பவனோ யாரோ எவரோ அல்ல. கோமதிநாயகத்தின் உடன்பிறந்த தம்பி கைலாசம்.

பெட்டியைச் சுமந்து போவது டாக்டர் ஹபீப். அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. ஊசி போடும்போதும் அப்படித்தான், குத்தப்போகிறார் குத்தப்போகிறார் என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, அவர் மருந்துக் குப்பியின் லேபிளைப் படித்துக்கொண்டிருப்பார். இப்போதும் ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் நின்று, குனிந்து, பெட்டியின் வாயை நீட்டி, உள்ளே போன கை வெளியே வருகிற வரை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். அது மரியாதை. ஓட்டு நடந்து முடிகிற வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அது சட்டம். இன்னதைப் போட்டேன் என்று பிறகும் சொல்லக் கூடாது, சாகிற வரைக்கும், பெண்டாட்டியிடம்கூட. வந்திருக்கிற ஒவ்வொருவரும் போட்டே ஆக வேண்டும், எனக்கு இதில் கருத்தில்லை என்று நழுவ வழியில்லை. இதையெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு மனப்பாடமாக ஒப்பிப்பவரே கோமதிநாயகம்தான். நான்கு சுவரோரமும் நாற்காலி போட்ட அந்தக் கூடத்தில் மின்விசிறிதான் பேசிக்கொண்டிருந்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. கறுப்புக் கோட்டுக்குள் வேர்வை முதுகுத்தண்டு வழியாக இறங்கி இடுப்பு வாரில் தேங்கி நின்றது. தூத்துக்குடி உப்புக் காற்றில் கோட்டு போடச் சொன்னவன் எந்த ஊர்க்காரனோ, அவன் பெயர் சொல்லித் தலைமுறை தலைமுறையாக வேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோட்டில் நாப்தலீன் உருண்டை வாசம். உருண்டை. உருண்டைதான், உருண்டையாகத்தான் இருக்க வேண்டும். எடுத்தபோது கையில் உருண்டதே. உருண்டதா?

உருண்டதா என்று யோசிக்கப் போனால் மற்றதெல்லாம் வந்து மோதுகிறது. ஊரில் இந்த ரகசியச் சங்கத்தின் கட்டடத்துக்குத் தலைவெட்டிப் பங்களா என்று பெயர். உள்ளே தலையை வெட்டி ஒட்டவைக்கிறார்கள் என்று இன்றைக்கும் ரிக்ஷாக்காரர்கள் சவாரியிடம் சொல்லிப் பயங்காட்டுகிறார்கள். உறுப்பினர்கள் லாட்ஜ் என்பார்கள், அது இன்னும் மோசம். அவுக லாட்ஜுக்குப் போயிருக்காக என்று மனைவி செண்பகம் பக்கத்து வீட்டில் சொல்ல, அந்த அம்மாள் பாவம், உச்சுக்கொட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாளாம். செண்பகத்துக்கு இதெல்லாம் சிரிப்பு. கடவுளை இவர்கள் பெரிய சிற்பி என்று கும்பிடுகிறார்கள், உலகத்தையே கட்டிய கட்டடக் கலைஞன் என்று. அவள் அதைப் பெரிய கொத்தனார் ஆக்கிவிட்டாள். "ஒங்க பெரிய கொத்தனார்கிட்டச் சொல்லுங்க, நம்ம பாத்ரூம் செவரு ஓதம் அடிக்கி." சொல்லட்டும். அவளுக்கு என்ன தெரியும், நடு மேஜையில் பைபிளும் கீதையும் குர்ஆனும் ஒன்றையொன்று தொட்டபடி இருப்பதும், அவற்றின் மேல் கொத்தனார்களின் மூலைமட்டமும் கவராயமும் இருப்பதும். மனிதன் கரடுமுரடான கல்லாக வருகிறான், அவனைக் கொத்திச் செதுக்கி, சுவரில் பிசகாமல் உட்காருகிற சதுரக் கல்லாக்குவதுதான் இங்கே நடக்கிற வேலை. மூலைமட்டத்துக்குச் சரியாக நட, மூலைமட்டத்துக்குச் சரியாகப் பேசு என்று வருஷம் முழுவதும் சதுரத்துக்குத்தான் மரியாதை. பெட்டிக்குள் மட்டும் சதுரம் வேண்டாதது, உருண்டைதான் நல்லது. இத்தனை வருஷமாக இது ஏன் தோன்றவில்லை? தோன்றியிருந்தால் லாட்ஜிலேயே மூத்தவரான மச்சாதுவிடம் கேட்டிருக்கலாம். மச்சாது எதையும் விளக்குவார். மச்சாதுதான் செத்துப்போனாரே. செத்துப்போனார் என்று சொல்லக் கூடாது, மேலேயுள்ள லாட்ஜுக்குப் போய்விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மேலேயும் இப்படித்தான் பெட்டி வருமோ, யார் போடுவார்கள் அங்கே, யாருக்கு விரல் மரத்துப்போயிருக்குமோ.

ஹபீப் இன்னும் தெற்குச் சுவரையே முடிக்கவில்லை. நல்லவேளை. அல்லது கெட்டவேளை. இந்த ஹபீப்தான் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே, "கோமதி சார், ஒரு பேரு வந்திருக்கு, நாந்தான் முன்மொழிஞ்சிருக்கேன், ஒங்க தம்பி. ஒங்களுக்கு ஏதும் வருத்தம் இருந்தா இப்பமே சொல்லிருங்க, வேண்டாம்னு நானே பக்குவமா எடுத்துச் சொல்லிருதேன்" என்றார். எவ்வளவு கண்ணியமான மனுஷன். அப்போதே சொல்லியிருக்கலாம். வருத்தம் இருக்கிறது டாக்டர் என்று மூன்று வார்த்தை. சொல்லவில்லை. "லாட்ஜ் விஷயத்துல குடும்பம் எங்க வருது டாக்டர்" என்று பெரிய மனுஷன் மாதிரிச் சிரித்துவிட்டார். சிரிப்பு வரவே இல்லை, உதடுதான் விரிந்தது. செண்பகம் கதவோரம் நின்று கேட்டிருப்பாள். இரண்டு நாள் கழித்து, ரசத்துக்குப் பருப்புத் தண்ணீரை விட்டுக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல், "கொழுந்தன் வீட்ல சமைக்க ஆளில்ல, அவ போனதுல இருந்து பட்டறைக்கு ஓட்டல்ல இருந்து சோறு போகுது" என்றாள். அவர் பேப்பரைத் திருப்பினார். கைலாசத்தின் மனைவி போனபோது சுடுகாடு வரை போனவர்தான் அவர். போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்று, தம்பியின் தோளை ஒருதரம் தொடாமல் திரும்பி வந்தவர். லாட்ஜ் வழக்கப்படி ஊருக்குள் எத்தனை பேரை பிரதர் பிரதர் என்று கூப்பிட்டிருக்கிறார். தாசில்தார் பிரதர், பல் டாக்டர் பிரதர், மாலுமிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பிரதர். கப்பலிலிருந்து இறங்கி ஒருநாள் கூட்டத்துக்கு வந்துபோன நார்வேக்காரனை பிரதர் என்று கட்டிப்பிடித்திருக்கிறார், அவன் மேலெல்லாம் புகையிலை நாற்றம். இரண்டு தெரு தள்ளி லேத் பட்டறை வைத்திருக்கிற கூடப்பிறந்தவனோடு பேச்சில்லை. பட்டறையைத் தாண்டும்போது எதிர்ப் பக்கத்து மருந்துக் கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே போவது வழக்கமாகிவிட்டது.

எல்லாம் மகள் கல்யாணத்தில் வந்தது. பந்தி நடந்துகொண்டிருந்தது, சம்பந்தி வீட்டார் இலையில் இருந்தார்கள். கைலாசம் அன்றைக்கு ஏக உற்சாகம். அண்ணன் மகள் கல்யாணம், அவன்தான் தூக்கிச் சுமந்தான், இல்லையென்று சொல்ல முடியாது, காய்கறிக்காரன் முதல் நாதஸ்வரக்காரர் வரை அவன் ஓடிய ஓட்டம்தான். மாப்பிள்ளையின் சேக்காளிகள் யாரோ கிளப்பிவிட்டார்கள், தலைவெட்டிப் பங்களாவில் என்னதான் நடக்கும் மாமா என்று. இவனுக்குச் சொல்ல வேண்டுமா. சமையல்காரரின் துண்டை உருவி ஏப்ரன் மாதிரி முன்னால் கட்டிக்கொண்டான். சாம்பார்க் கரண்டி வாளாயிற்று. ஒருத்தனைக் கண்ணைக் கட்டி நிறுத்தி, வேட்டியை முழங்கால் வரை ஏற்றிவிட்டு, சுற்றிச் சுற்றி நடக்கவைத்து, கணீரென்று இங்கிலீஷில் ஒப்பிக்க ஆரம்பித்தான். அதுவரைகூடப் பரவாயில்லை, கூத்து என்று விட்டிருக்கலாம். ஒப்பித்தது என்ன? ஏப்ரன் உபதேசம். வருத்தத்தோடு இருக்கிற இரண்டு சகோதரர்கள் ஒரே கூடத்தில் ஏப்ரன் கட்டி உட்காரக் கூடாது, வெளியே போய்ப் பேசித் தீர்த்துக்கொண்டு வர வேண்டும் என்கிற பகுதி, கோமதிநாயகத்தின் பகுதி. ஒரு வார்த்தை பிசகவில்லை. நடுவில் அவர் தொண்டையைச் செருமிக்கொள்கிற இடத்தில் அவனும் செருமினான். சம்பந்திக்குப் புரையேறிவிட்டது. பந்தியே சிரித்தது, பாயசம் ஊற்றுகிறவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். மகள்கூட, மணவறையில் இருந்து எழுந்து வந்த கோலத்தோடு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு. மானம் கப்பலேறியது என்பார்களே, அன்றைக்கு அது ஏறுவதைக் கண்ணால் பார்த்தார். ஒரே ஒருவர் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த மச்சாது. அவர் இலையையே பார்த்துக்கொண்டு அவியலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவியல். அந்த அவியலைப் பார்த்துத்தான் கோமதிநாயகம் பயந்தார், சிரிப்பைப் பார்த்து அல்ல. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, தனக்கே சொன்னதில்லை. கூத்தடித்தான், அவமானப்படுத்தினான், அதனால் பேச்சில்லை என்றுதான் ஊருக்குக் கணக்கு. சம்பந்தி அந்த வாரமே அதை மறந்துவிட்டார். மாப்பிள்ளை இப்போதும் கேட்கிறார், சின்ன மாமா எங்கே என்று. ஆனால் மச்சாதுவுக்குத் தெரியும், அவன் ஒப்பித்தது கேலிக்குக் கட்டிய வசனமில்லை, உள்ளே நடக்கிற நிஜமான வார்த்தை. வெளியே ஒரு எழுத்தும் போகக் கூடாது என்று கீதையின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்த வார்த்தை. அது எப்படிப் போயிற்று? வேறு எப்படி. லாட்ஜில் எதையும் பார்த்துப் படிக்கக் கூடாது, பக்கம் பக்கமாக நெட்டுரு போட வேண்டும். கோமதிநாயகத்துக்கோ வாய்விட்டுச் சொன்னால்தான் மனசில் ஏறும், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. அப்போது ஒரே வீடு. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே சொல்வார். படிக்கட்டில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பான் கைலாசம், அண்ணனுக்குத் தெரியாமல் என்று அவன் நினைப்பு. தெரியும். புகை வரும். புகை வருவது தெரிந்தும் அவர் சத்தத்தைக் குறைக்கவில்லை. ஏன் குறைக்கவில்லை? இதென்ன கேள்வி, தம்பிதானே. இல்லை, இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். தம்பி கேட்கட்டும் என்று இருந்தது. அண்ணன் எப்பேர்ப்பட்ட இடத்தில் எப்பேர்ப்பட்ட வார்த்தை பேசுகிறான் என்று அவன் பார்க்கட்டும் என்று. எட்டாவதோடு நின்ற அவன் அதை எழுத்தில் பார்த்ததில்லை, காதில் விழுந்தே அட்சரம் பிசகாமல் வாங்கிவிட்டான், செருமலோடு சேர்த்து. மச்சாது கடைசி வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கேட்காமலே மேலேயுள்ள லாட்ஜுக்குப் போய், அங்கே யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ.

இப்போது அந்தக் கைலாசம் உள்ளே வருவானாம். கண்ணைக் கட்டி அழைத்து வருவார்கள். கோமதிநாயகம் எழுந்து அவன் முன்னால் நின்று ஏப்ரன் உபதேசம் சொல்ல வேண்டும், அவருடைய பகுதி அது. சொல்லச் சொல்ல அவன் உதடு அசையும். அசையாமல் இருக்காது, அவனுக்குப் பாட்டுக் கேட்டாலே உதடு அசையும். லாட்ஜுக்குத் தலைவரான கொரேரா பார்த்துவிடுவார், மாஸ்டர் நாற்காலியில் இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். புதிதாக வந்தவனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பார். கேட்காமலே எல்லோரும் குனிந்து அவியலைச் சாப்பிடுவார்கள். இந்தப் பயம் இன்றைக்கு வந்ததா? ஹபீப் காப்பி ஆற்றிய அன்றைக்கே வந்தது. அப்படியானால் இன்றைக்கு ஏன் வந்தார், தலைவலி என்று வீட்டில் படுத்திருக்கலாமே. வெள்ளை போட வந்தேன் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியில் அந்த நல்ல மனுஷனைப் பார்த்தார், பழசை மறந்து தம்பிக்கு உருண்டை போடப்போகிற அண்ணனை. வீட்டில் படுத்திருந்தாலும் உருண்டைதான் விழுந்திருக்கும், மற்றவர்கள் போட்டிருப்பார்கள், அவனுக்கு வேறு யார் விரோதி. அவர் வராமலே அவன் தேறியிருப்பான். அப்படியானால் எதற்காக வந்தார். வேர்க்கிறது. ஷூ கடிக்கிறது. ஒன்றுக்குப் போக வேண்டும் போல் இருக்கிறது, இந்த மாத்திரை அப்படி. மேற்குச் சுவர் முடிந்து ஹபீப் வடக்கே திரும்பிவிட்டார். இன்னும் கொஞ்சம் நாற்காலிதான், அதற்குப் பிறகு பெட்டி கொரேராவிடம் போகும், அவர் திறந்து பார்ப்பார். விரல் மரத்துப் போயிருக்கிறது. மரத்துப்போன விரல் எதை எடுத்தது என்று யாருக்குத் தெரியும். கட்டை விழுந்திருந்தால் தவறி விழுந்தது. தவறி விழுந்ததற்கு யார் என்ன செய்ய முடியும். சொல்லவும் கூடாது, சட்டம் இருக்கிறது. சட்டம் எவ்வளவு வசதியாக இருக்கிறது.

அந்த வசதியில்தான் மனசு போய் இடித்துக்கொண்டது. கையை உள்ளே விட்ட நேரத்தை மறுபடி நினைத்தார். பெட்டியின் வாயில் உள்ளே தைத்திருக்கிற வெல்வெட்டு மணிக்கட்டில் உரசியது. அது தெரிந்ததே. தட்டின் ஓரம் ஜில்லென்று இருந்தது, அதுவும் தெரிந்ததே. முதலில் கையில் அகப்பட்டது வழுக்கிக்கொண்டு ஓடியது. அதை விட்டார். இரண்டாவதும் வழுக்கியது, அதையும் விட்டார். எதற்காக விட்டார், வழுக்குவதுதானே உருண்டை, முதலில் கிடைத்ததையே போட்டிருக்க வேண்டியதுதானே. தேடினார். மரத்த விரலைத் தட்டின் மூலை வரை கொண்டுபோய்த் தேடினார். ஹபீப் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, கொஞ்ச நேரம் கூடுதலாகவே ஆயிற்று, அவர் பார்வை திரும்பப் போகிறதோ என்று பயந்ததுகூட நினைவிருக்கிறது. பிறகு கட்டைவிரலில் ஒரு மூலை குத்தியது. குத்தியதும் உள்ளே அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை இவ்வளவு நேரமாக எங்கே கொண்டுபோய் ஒளித்துவைத்திருந்தார். இனி அவன் வர மாட்டான், உதடு அசையாது, யாரும் கேட்க மாட்டார்கள் என்று எவ்வளவு நிம்மதி. கையை உருவியதுமே விரலின் மேல் பழியைப் போட்டாயிற்று, அதுவும் தயாராகத்தான் இருந்தது. கோமதிநாயகத்துக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கல்யாண வீட்டில் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கூத்தடித்தவன் எல்லோர் முன்னாலும் அடித்தான். இவர் பெட்டிக்குள் கையை விட்டு அல்லவா அடித்திருக்கிறார்.

ஹபீப் கடைசி நாற்காலியை முடித்துக்கொண்டு பெட்டியை மாஸ்டர் மேஜையில் வைத்தார். கொரேரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் கொக்கியில் கை வைத்தார். தான் எழுந்து நிற்கிறோம் என்பது கோமதிநாயகத்துக்கு நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தத்தில்தான் தெரிந்தது.

"மாஸ்டர், பெட்டியைத் தொறக்காதீங்க."

கொரேரா நிமிர்ந்தார். "பிரதர் கோமதிநாயகம், உக்காருங்க. ஓட்டு முடியலை. இப்பம் பேசக் கூடாதுன்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

"அதுக்குள்ள ஒரு கட்டை கெடக்கு. அது நான் போட்டது."

யாரோ இருமலை அடக்கினார்கள். இப்படி ஒன்று அந்தக் கூடத்தில் நடந்ததே இல்லை, ஆகவே என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஹபீப்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். அவசரமே இல்லாத மனுஷன் அன்றைக்கு அவசரப்பட்டார். "மாஸ்டர், அவருக்குச் சுகர். விரல் மரத்துப் போயிருக்கு, நாந்தான் வைத்தியம் பாக்கேன். கைக்கு எது என்னன்னு தெரிஞ்சிருக்காது, மாறி விழுந்திருக்கும். இதை ஒரு பிசகுன்னு எடுத்துக்கிட்டு..."

எவ்வளவு நல்ல சொல், பிசகு. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். எல்லோரும் பாவம் என்பார்கள், ஹபீப் மாத்திரையை மாற்றித் தருவார், மறுபடி பெட்டி சுற்றும், இந்த முறை உருண்டையைப் போட்டுவிட்டு நல்ல அண்ணனாக வீட்டுக்குப் போகலாம். ஹபீபின் முகத்தில் அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிற பாவனை இருந்தது. எடுத்துக்கொண்டால் என்ன? யாருக்கு நஷ்டம்?

"இல்ல டாக்டர்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மரத்த விரல்தான். ஆனா மூலை நல்லாத் தெரிஞ்சுது. தேடித்தான் எடுத்தேன். எந் தம்பி உள்ள வந்தா, நான் வீட்ல மாடியில நின்னு நெட்டுருப் போட்டதையெல்லாம் அவன் கேட்டிருக்கான்னு ஒங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். வெளிய போகக் கூடாதது என் வாய் வழியாத்தான் போச்சு. அதை மறைக்கத்தான் கட்டையைப் போட்டேன். அவன் மேல ஒரு குத்தமும் கிடையாது."

கொரேரா கொக்கியிலிருந்து கையை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். அவருக்குக் கோபம் இருந்த மாதிரியும் தெரியவில்லை, இரக்கம் இருந்த மாதிரியும் தெரியவில்லை, வழிமுறையைத் தேடிக்கொண்டிருந்தார். "போட்டதைச் சொன்ன பெறகு இந்த ஓட்டு செல்லாது. வேற எடுக்கணும். சொன்னவர் அதுல இருக்க முடியாது. நீங்க வெளிய இருங்க, பிரதர். மத்ததை அடுத்த கூட்டத்துல பேசுவோம்." பிரதர் என்று சொல்லும்போது ஒரு கணம் தயங்கி, பிறகு சொன்னார். அந்தத் தயக்கம் கோமதிநாயகத்துக்கு நன்றாகவே உறைத்தது. கட்டம் போட்ட தரையைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. சுற்றிக்கொண்டே போனார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அது மரியாதையா என்று தெரியவில்லை.

வெளியறையில் காவலுக்கு இருக்கிற மாசிலாமணி சடங்குக்கான வாளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "என்ன அண்ணாச்சி, மேலுக்குச் சரியில்லையா" என்று பாதி எழுந்தவர், முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். எதிர்ப் பெஞ்சில் கைலாசம். வெள்ளைச் சட்டை புதிது, மடிப்புகூடக் கலையவில்லை. முன்னந்தலை முழுக்க வழுக்கை விழுந்துவிட்டது. மருந்துக் கடைப் பலகையை வாசித்துக்கொண்டு போன இத்தனை வருஷத்தில் அது எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. லேத் பட்டறை எண்ணெய் நகத்துக்குள் கறுப்பாக இருந்தது, சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்திருப்பான், போயிருக்காது. அண்ணனைப் பார்த்ததும் அவன் எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். கோமதிநாயகம் உட்கார்ந்தார். உள்ளே நடப்பதை வெளியே இருப்பவனிடம் சொல்லக் கூடாது, அதிலும் சேர வந்தவனிடம் சொல்லவே கூடாது. ஏற்கெனவே உடைத்தாயிற்று, இன்னொன்றையும் உடைப்பதில் என்ன.

"கைலாசம்."

"ம்."

"ஒனக்குக் கறுப்புக் கட்டை போட்டுட்டேன்லே."

மாசிலாமணி சுவரில் மாட்டியிருந்த பழைய குரூப் போட்டோவை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"தெரியும்ணே" என்றான் கைலாசம்.

"உள்ள நடந்தது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள நடந்தது தெரியாது. ஒன்னையத் தெரியும்லா. எனக்கு வேற யாரு போடப்போறா."

"தெரிஞ்சா பின்ன எதுக்குலே எழுதிக் குடுத்த?"

கைலாசம் நகத்தில் இருந்த எண்ணெயை இன்னொரு நகத்தால் சுரண்டினான். "நீ வெள்ளையைப் போட்டா உள்ள வந்து ஒம் பக்கத்துல உக்காந்திருப்பேன். கறுப்பைப் போட்டா, அதை வச்சுக்கிட்டு ஒன்னால ரொம்ப நாள் இருக்க முடியாது. எங்கிட்ட வந்து சொல்லித்தான் ஆவ. எப்படினாலும் பேசணும்ல நீ."

கோமதிநாயகத்துக்குச் சட்டென்று அழுகை வந்தது. சின்ன வயதில் அடி வாங்கினால் எப்படி வருமோ அப்படி, அசிங்கமாக, மூக்கு ஒழுக. கோட்டுப் பையில் கைக்குட்டை இல்லை. ஏப்ரனால் துடைக்கக் கூடாது, புறங்கையால் துடைத்துக்கொண்டார். கைலாசம் தன் துண்டைக் கொடுத்தான், அதில் பட்டறை வாசமும் பீடி வாசமும் அடித்தது. இன்னும் விடவில்லை போலிருக்கிறது. உள்ளே பெட்டி மறுபடி சுற்றத் தொடங்கியிருக்கும். இந்த முறை என்ன விழுமோ, விழாதோ. அவர் மாடியில் சத்தமாகப் படித்ததை எல்லோரும் கேட்டுவிட்டார்கள், அதற்காக இன்னும் யாராவது இவனுக்குக் கட்டையைத் தேடுவார்களோ என்னவோ. அதைப் பற்றி ஒன்றும் செய்வதற்கில்லை.

"அன்னைக்குக் கல்யாணத்துல நீ கரண்டியைத் தூக்கிட்டு நின்னீல்லா" என்று ஆரம்பித்தார். எங்கே ஆரம்பித்தால் எங்கே போகும் என்று தெரியவில்லை, ஆரம்பித்துவிட்டார். "அப்பம் கடைசி வரிசையில மச்சாது இருந்தாரு..."

உள்ளேயிருந்து கதவில் மூன்று தட்டு கேட்டது. மாசிலாமணி வாளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "தம்பி, ஒங்களை உள்ள கூப்பிடுதாவ" என்றார்.

"இருக்கட்டும்" என்றான் கைலாசம் அவரிடம். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "நீ சொல்லுண்ணே" என்றான்.